நூற்றுப் பதினான்காவது நகர்த்தல்

தோற்றவன், தன்னைத் தோற்கடித்தவனோடு உட்கார்ந்து, எங்கே தோற்றோம் என்று சிரித்த முகத்தோடு பேச வேண்டும். சதுரங்கத்தில் இதற்குப் பெயர் மரியாதை. இந்த மரியாதையைக் கண்டுபிடித்தவன் என் கையில் கிடைத்தால் நாலு கேள்வி கேட்பேன்.

என்னைத் தோற்கடித்தவன் என் சகலை, என் மனைவியின் தங்கையைக் கட்டியவன். இருவருக்கும் ஒரே மின்சார அலுவலகம். அவன் நிரந்தரம். நான் ஒன்பது வருடமாக ஒப்பந்தத்தில் வீடு வீடாகப் போய் மீட்டர் படிக்கிறவன். அலுவலகச் சதுரங்க அணியில் இடம் பிடித்தால் வேலை நிரந்தரம் என்று மேலாளர் எழுதியே கொடுத்திருந்தார். நான்கு இடங்களில் மூன்று நிரம்பிவிட்டன. அதில் ஒன்று சகலையுடையது. நான்காவது எனக்குக் கிடைக்க, இந்தக் கடைசி ஆட்டத்தில் டிரா போதும். காலை ஒன்பதுக்கு உட்கார்ந்து, நூற்றுப் பதினாறு நகர்த்தல் ஆடி, மத்தியானம் மூன்றரைக்குத் தோற்றேன்.

நகர்த்தல்களை எழுதிவந்த ஸ்கோர் ஷீட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு ஆய்வு அறைக்குப் போனோம். ஆய்வு அறை என்றால் பழைய ஃபைல்களை ஓரங்கட்டிவிட்டு இரண்டு மேஜை போட்ட சாமான் அறை. அங்கிருந்த செட்டில் ஒரு வெள்ளை ரூக், அதாவது யானை, காணோம். அந்த இடத்தில் பாட்டில் மூடி ஒன்றை வைத்தோம். என் வேலையை விழுங்கியது அந்த ரூக்தான், அது மூடியாக உட்கார்ந்து என்னைப் பார்த்தது.

"இந்த இடத்துல நீங்கதான் மேல, அண்ணே," என்றான், நாற்பதாவது நகர்த்தலுக்கு வந்தபோது. "ஒரு சிப்பாய் கூடுதல். நான்தான் டிரா கேட்டேன்."

கேட்டான். நான் சிரித்தேன். வாய்விட்டு இல்லை, ஆனால் அடுத்த மேஜைக்காரன் திரும்பிப் பார்க்கும் அளவுக்கு. மாமனார் வீட்டில் நான்தான் மூளைக்காரன், அவன் அதிர்ஷ்டக்காரன். இருபது வருடமாக அப்படித்தான் பேச்சு. சம்பளம் அவனுக்கு, மூளை எனக்கு என்று பங்கு பிரித்திருந்தார்கள். அவன் நீட்டுகிற டிராவை வாங்கிக்கொண்டு அணிக்குள் போக எனக்குப் பிடிக்கவில்லை. அடித்துவிட்டுப் போக வேண்டும் என்று திமிர். பன்னிரண்டு நகர்த்தல் கழித்து ஒரு காயைச் சும்மா பறிகொடுத்தேன்.

அறுபத்து நான்கில் என் கடைசிச் சிப்பாயையும் வெட்டினான். அவனிடம் ரூக், பிஷப். என்னிடம் ரூக் மட்டும். ஒழுங்காகத் தாங்கினால் டிரா. தாங்குவதற்கு ஒரு எல்லையும் உண்டு. இருவரும் ஐம்பது ஐம்பது முறை நகர்த்தி, எந்தக் காயும் வெட்டுப்படாமல், சிப்பாயும் அசையாமல் இருந்தால், நடுவரைக் கூப்பிட்டு டிரா கேட்கலாம். கேட்டால்தான் உண்டு. யாரும் வந்து ஞாபகப்படுத்த மாட்டார்கள்.

நான் எண்ணிக்கொண்டுதான் இருந்தேன். என் ஷீட்டைப் பார்த்துப் பார்த்து எண்ணினேன். இன்னும் ஒன்று, ஒன்றே ஒன்று என்று பரபரத்த நேரத்தில்தான் ராஜாவைத் தப்பான கட்டத்தில் வைத்தேன்.

"கடைசி நகர்த்தல் நூத்திப் பதினாலுதானே?" என்று கேட்டேன்.

"பதினாறு."

இருவர் ஷீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தோம். தொண்ணூற்றொன்றும் தொண்ணூற்றிரண்டும் என் ஷீட்டில் இல்லை. கடிகாரத்தில் ஏழு வினாடி இருந்தபோது, ஆடிவிட்டு எழுதிக்கொள்ளலாம் என்று விட்டிருக்கிறேன். அப்புறம் எழுதவே இல்லை. அவன் நூற்றுப் பதினான்கை ஆடியதுமே ஐம்பது முடிந்துவிட்டது. நான் கையைத் தூக்கியிருந்தால் போதும்.

ஷீட்டை எடுத்துக்கொண்டு நடுவரிடம் ஓடினேன். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் பார்த்தார்.

"எண்ணிக்கை சரிதான். ஆனா போர்டுல இருக்கும்போது நீங்க கேக்கலையே. தோத்து, கையெழுத்தும் போட்டாச்சு. இப்ப கேட்டா நான் என்ன சார் பண்றது?"

ஆய்வு அறைக்குத் திரும்பினேன். சகலை அதே இடத்தில் மூடியை உருட்டிக்கொண்டிருந்தான்.

"உனக்குத் தெரியுமா?"

"தெரியும். பதினாலு ஆடினதும் தெரியும். கேட்டுடுவீங்கன்னு உங்க வாயையே பாத்துட்டு இருந்தேன்."

"உன் இடம்தான் உறுதி ஆச்சே. இந்த ஒரு ஜெயிப்ப வச்சு என்னடா பண்ணப் போற?"

அவன் மூடியை மேஜையில் வைத்தான்.

"நாப்பதுல நான் சும்மா டிரா கேட்டேன்னு நெனச்சீங்களா? முந்தாநாள் அக்கா எங்க வீட்டுக்கு வந்தாங்க. அவருக்குத் தெரிய வேணாம், எப்படியாவது டிரா பண்ணிடுங்கன்னு கேட்டாங்க. தங்கச்சி முன்னாடி அழுதாங்க. சரின்னு சொன்னேன். சொன்ன மாதிரி கேட்டேன். நீங்க சிரிச்சீங்க. இருபது வருஷமா சிரிக்கிறீங்க, அண்ணே. அதுக்கு மேல என்னால முடியல."

என் மனைவி அங்கே போய் நின்றிருக்கிறாள். சொந்தத் தங்கை ஒரு புடவை வாங்கிக் கொடுத்தால்கூட ஒன்றுக்கு இரண்டாகத் திருப்பிக் கொடுத்துத் தலை நிமிர்ந்து நிற்கிறவள், அங்கே போய்க் கேட்டிருக்கிறாள். நான் அதைப் பல்லைக் காட்டித் தள்ளியிருக்கிறேன்.

அப்போது பார்த்து அவளே போனில் வந்தாள்.

"முடிஞ்சுதா?"

"தோத்துட்டேன்."

"அவரு டிரா கேக்கலையா?" என்றாள். கேட்ட பிறகுதான் வாயை விட்டுவிட்டோம் என்று அவளுக்கு உறைத்திருக்க வேண்டும். "நான் அவர்கிட்ட சொல்லியிருந்தேங்க. கோவப்படாதீங்க. கேட்டாரா இல்லையா, அத மட்டும் சொல்லுங்க."

சகலை நிமிர்ந்து என்னைப் பார்த்தான்.

"கேக்கவே இல்ல," என்றேன்.

சொன்ன உடனே திருத்தியிருக்கலாம். அவன் வாயைத் திறப்பான் என்று ஒரு நொடி பயந்தேன். திறக்கவில்லை. காய்களைப் பெட்டியில் போட்டான், தன் ஷீட்டை நான்காக மடித்துப் பையில் வைத்தான், என்னைத் தாண்டி வெளியே போனான். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் திருத்தவில்லை.

"தலைய ஆட்டி சரின்னாரே," என்று அழுதாள் அவள். "அவ காப்பி போட்டுக் குடுத்தா, அதையும் குடிச்சிட்டு வந்தேன். இனி அவ வீட்டு வாசல மிதிச்சேன்னா என்னை என்னன்னு கேளுங்க. அக்கா தங்கச்சி உறவு இதோட சரி."

"விடும்மா," என்றேன். "அவங்க புத்தி அவ்வளவுதான்."