ஐந்து கன்றுகளில் ஒன்று

இப்போதெல்லாம் கிழவன் என்று யாரைக் கண்டாலும் ‘ஹாஜி’ என்று கூப்பிட்டுவிடுகிறார்கள். கூப்பிட்டதோடு மரியாதை தீர்ந்தது. அப்புறம் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை. பல்கலைக்கழக வாசல் காவலாளியும் அப்படித்தான் கூப்பிட்டான்.

“அட்டை இருக்கா ஹாஜி?”

“நான் மக்கா பக்கமே போனதில்ல. அட்டையும் கிடையாது. என் கன்னை வாங்கிட்டுப் போக வந்திருக்கேன்” என்றார் ஹம்மாதி.

திரா பள்ளத்தாக்கிலிருந்து பேருந்து ஏறி, மலை தாண்டி வந்திருந்தார். பேரீச்சங்கன்றைச் சுற்ற ஈரச்சாக்கு ஒன்று தோளில் கிடந்தது. அவர் தோப்பில் அறுபது பேரீச்சை நின்ற காலம் உண்டு. பயூத் நோய் புகுந்தால் மட்டை ஒரு பக்கமாக வெளுக்கும். வெளுத்த மரம் பிழைக்காது. மிச்சம் பதினொன்று, அதிலும் நாலு வெளுத்தாயிற்று. இந்த நடவுக்குள் நோய் தாங்கும் கன்று ஒன்றாவது மண்ணில் இறங்காவிட்டால் நிலத்தை விட்டுப் போகிறேன் என்று மகன் மூட்டை கட்டி வைத்திருந்தான்.

தாங்கும் மரம் ஒன்று இருந்தது. கிணற்றடியில் தானாக முளைத்தது. சுற்றி நின்றதெல்லாம் செத்தும் அது அசையவில்லை. ஏழு வருஷம் முன்பு பல்கலைக்கழக வண்டியில் வந்த டாக்டர் கௌதர் என்ற பெண், ஆராய்ச்சிக்கென்று அதன் பக்கக்கன்றுகள் ஐந்தையும் கேட்டாள். அவர் ஊரில், கன்று வாங்கினவன் அது கன்று விட்டதும் முதல் கன்றைத் தந்தவன் வாசலில் கொண்டு வைப்பான். கேட்டு வாங்கும் வழக்கமே இல்லை. அந்த நினைப்பில் ஐந்தையும் அவரே கடப்பாரை போட்டுப் பெயர்த்துக் கொடுத்தார். மூன்றாம் வருஷம் தாய்மரத்தை வெள்ளம் கொண்டுபோனது. வாசலுக்கு யாரும் வரவில்லை.

மதியத் தொழுகைக்குப் பிறகு கௌதரே இறங்கி வந்தாள். அவரை அடையாளம் தெரிந்து, கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனாள். குளிர்ந்த அறையில் அலமாரி அலமாரியாகக் கண்ணாடிப் புட்டிகள். ஒவ்வொன்றிலும் விரல் நீளத்துக்குப் பச்சையாக ஏதோ நின்றது.

“எல்லாம் உங்க மரத்தோட பிள்ளைங்கதான். நாலாயிரம் இருக்கு.”

என் ஐந்து கன்று எங்கே என்றார். அதை வெட்டித்தான் இதெல்லாம் எடுத்தோம் என்றாள்.

“கசாப்புக்காரன்கூட ஆட்டை வெட்டிட்டு, நூறு ஆடு ஆச்சுன்னு சொன்னதில்ல.”

அவள் சிரிக்கவில்லை. அவர் குரல் இறங்கியது.

“புல்லு மாதிரி இருந்தாலும் பரவால்ல. ஒண்ணு குடு மகளே. என் மகன் ஊரை விட்டுக் கிளம்புறதுக்குள்ள காட்டணும். காலைப் பிடிக்கச் சொன்னாலும் பிடிக்கிறேன்.”

அரசாங்க அனுமதி இல்லாமல் ஒரு புட்டியும் வெளியே போகக்கூடாதாம். அனுமதி வர இரண்டு வருஷமாம். ஒரு புத்தகத்தைத் திறந்து அவர் மரத்தின் படத்தைக் காட்டினாள். கிணறு இருந்தது, வாளிகூட இருந்தது. அவர் இல்லை.

“வாக்கு குடுக்கிறேன் ஐயா. முதல் கன்னை நானே உங்க வாசலுக்குக் கொண்டுவர்றேன்.”

“போன தடவ நீ வாக்கே குடுக்கல. குடுத்துட்டேன்னு நான்தான் நெனச்சுக்கிட்டேன். ரெண்டும் ஒண்ணுதான்.”

சாக்கு காய்ந்துபோயிருந்தது. அதை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே நடந்தார். எந்த ஊர், வீட்டுக்கு எப்படி வரவேண்டும் என்று கேட்டுக்கொண்டே அவள் வாசல்வரை பின்னால் வந்தாள். கன்று வாங்க வந்தபோது வழி கேட்காமல் வந்தவள்தானே என்று நினைத்துக்கொண்டார். திரும்பிப் பார்க்கவில்லை.