ஞாயிற்றுக்கிழமை மீன்

"கெட்டியாப் புடி பாப்பா, வழுக்கும்" என்று சமையலறை வாசலில் நின்று மீன்காரம்மா அலுமினியச் சட்டியை நீட்டினாள். மகள் இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டாள். வாங்கும்போதே முகத்தில் ஒரு சிரிப்பு வந்து ஒட்டிக்கொண்டது. கூடத்தில் அப்பா குளிர்பெட்டிக்குள் கிடக்கிறார், இவளுக்கு அழுது அழுது கண் இரண்டும் வீங்கியிருக்கிறது, ஆனாலும் மீனைக் கண்டால் அந்தச் சிரிப்பு வந்துவிடுகிறது. பன்னிரண்டு வயதில் பழகிய பழக்கம், எங்கே போகும்?

"துக்கத்துக்கு வந்தவங்க வெறும் வயித்தோட போகக் கூடாதுல்ல. விடியறப்பவே என் மகன் வலைய இழுத்துட்டான். கெடச்சதுலயே பெருசு இதுதான். டம்ளர் சாருக்குன்னா சின்னதக் குடுக்க மனசு வருமா?" என்றாள் மீன்காரம்மா. மூக்கை முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

டம்ளர் சார் என்றுதான் ஊரில் அப்பாவுக்குப் பெயர். கம்பெனியின் பரிசோதனைக்கூடத்தில் தண்ணீரைச் சோதிக்கிற வேலை அவருக்கு. ஏரியில் மீன்கள் செத்து மிதந்த வருடம், கரையில் குடியிருந்த மீன்காரர்கள் மொத்தப் பேரும் கம்பெனி வாசலை மறித்து உட்கார்ந்துவிட்டார்கள். எட்டாம் நாள் கம்பெனி ஏரிக்கரையில் மேடை போட்டது. அப்பா மேடையேறி ஒரு பாட்டிலைத் தூக்கிக் காட்டினார். "இது இன்னிக்குக் காலையில நம்ம ஏரியில மொண்ட தண்ணி" என்றார். கண்ணாடி டம்ளரில் ஊற்றி, மடமடவென்று குடித்து, வாயைத் துடைத்துக்கொண்டார்.  பிறகு யாரோ கைதட்ட, எல்லோரும் தட்டினார்கள். மறுநாளே வலைகள் தண்ணீரில் இறங்கிவிட்டன.

முன்வரிசையில் உட்கார்ந்திருந்த மகளுக்கு அந்தப் பாட்டிலைத் தெரியும். நீல மூடி போட்டது. அன்று காலை "நல்லா அலசிட்டுப் புடிம்மா" என்று அப்பா சொல்ல, சமையலறைக் குழாயில் அதை நிரப்பிக் கொடுத்தவளே அவள்தான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மீன்காரம்மா வாசலில் வந்து நின்றாள். "எங்க பொழப்பக் காப்பாத்துன மனுஷன். இதுக்குக் காசு வாங்குனா என் கை அழுகிடும்" என்று ஒரு மீனைக் கொடுத்துவிட்டுப் போனாள். அதற்குப் பிறகு ஞாயிறு தவறியதே இல்லை. வாசலில் சிரித்துக்கொண்டே வாங்குவார்கள். கொல்லையில் குழி தோண்டிப் புதைப்பார்கள். அந்த வீட்டு அடுப்பில் ஏரி மீன் ஒரு நாளும் ஏறியதில்லை. முதலில் அப்பா தோண்டினார். அவருக்கு முதுகு பிடித்துக்கொண்டதும் மண்வெட்டி மகள் கைக்கு வந்தது.

ஒரு ஞாயிறு அவள் கேட்டேவிட்டாள். "ஏம்ப்பா, தண்ணி அவ்வளவு மோசமா?"

"தண்ணில பெருசா ஒண்ணும் இல்லம்மா. நிஜமாவே ஏரித் தண்ணிய ஒரு டம்ளர் குடிச்சிருந்தாலும் எனக்கு ஒண்ணும் ஆயிருக்காது. கம்பெனி விட்ட பாதரசம் அடியில சேத்துல கெடக்கு. சேத்துல இருக்கறத புழு திங்கும். நூறு புழுவ ஒரு சின்ன மீன் திங்கும். நூறு சின்ன மீன ஒரு பெரிய மீன் திங்கும். தின்னது லேசுல வெளிய போகாது. மேல ஏற ஏறச் சேந்துக்கிட்டே போகும்."

"அதுக்கு மேல யாருப்பா?"

அப்பா மண்ணை இழுத்துத் தள்ளினார். குழியை மூடி, காலால் மிதித்துக் கெட்டிப்படுத்தினார். ஏரி நடுத் திட்டில் நீர்க்காகங்கள் கூடு கட்டுகிற மரம் ஒன்று இருந்தது. முட்டைகள் பொரியாமலே கிடந்தன. நாலைந்து வருடத்தில் அந்த மரத்தில் ஒரு பறவைகூட இல்லை. ஏன் வரவில்லை என்று ஊரில் ஒருவருக்கும் தெரியாது. இந்த வீட்டில் மூன்று பேருக்குத் தெரியும்.

மகள் இப்போது வெளியூரில் உயிரியல் டீச்சர். அவள் இல்லாத ஞாயிறுகளில் அம்மா தோண்டுகிறாள். வருடா வருடம் கரும்பலகையில் உணவுச் சங்கிலி வரைகிறாள். புல், வெட்டுக்கிளி, தவளை, பாம்பு, பருந்து. "ஏரிக்கு வரைய மாட்டீங்களா மிஸ்?" என்று யாராவது கேட்டால், அது பரீட்சைக்கு வராது என்று சொல்லிவிடுவாள். அப்பனுக்குத் தப்பாத பிள்ளை!

மீன்காரம்மா இன்னும் கிளம்பவில்லை. "மருமகளும் வரேன்னுதான் சொன்னா. ஏழு மாசம், நிக்க முடியல அவளால. ரெண்டு வேளையும் மீன்தான் குடுக்கறேன். பெரியவனப் பாத்தல்ல? நாலு வயசு முடியப்போகுது, இன்னும் கால் ஊனல, வாய் தெறக்கல. இதாவது தெம்பா பொறக்கட்டும். இப்பக்கூட அவளுக்குக் கொழம்பு கூட்டி அடுப்புல வெச்சுட்டுத்தான் வந்தேன்."

சொல்லிவிட்டு அவள் கூடத்துக்குப் போய் உட்கார்ந்துகொண்டாள். மகள் சட்டியோடு நின்ற இடத்திலேயே நின்றாள். 

அம்மா சமையலறைக்குள் வந்தாள். சட்டியைப் பார்த்தாள். குரலைத் தாழ்த்தி, "மூடி வை. எல்லாரும் போனதும் பின்னால பாத்துக்கலாம்" என்றாள்.

"இன்னிக்குமாம்மா?"

"இன்னிக்கு என்ன, நாளைக்கு என்ன? வேற என்ன பண்ணச் சொல்ற?"

"மருமக ஏழு மாசமாம். ரெண்டு வேளையும் இதத்தான் சாப்பிடறாளாம். மொதப் புள்ள ஏன் அப்பிடி இருக்குன்னு உனக்குத் தெரியாது?"

"மெதுவாப் பேசு. ஆயிரம் காரணம் இருக்கும். நீ என்ன டாக்டரா?" அம்மா கூடத்துப் பக்கம் எட்டிப் பார்த்தாள். "பதினோரு மணிக்கு வண்டி வந்துடும். அது வரைக்கும் வாய மூடிட்டு இரு. அவர் நல்லபடியா இந்த வாசலத் தாண்டட்டும். அப்புறம் ஊரக் கூட்டி வெச்சுச் சொல்லு."

"அப்புறம் அப்புறம்னே இருபத்தாறு வருஷம் ஓடிடுச்சு."

"ஓடுச்சு. அந்த இருபத்தாறு வருஷமும் யார் சோத்தத் தின்ன? யார் உன்னப் படிக்க வெச்சது? அப்ப இனிச்சது, இப்பக் கசக்குதா?"

மகளுக்குச் சுருக்கென்று தைத்தது. அதில் ஒரு எழுத்துக்கூடப் பொய் இல்லை. பொய் இல்லை என்பதாலேயே ஆத்திரம் தலைக்கேறியது. அம்மாவின் மேல், தன் மேல், எல்லாவற்றுக்கும் மேலாக அந்தப் பெட்டிக்குள் கிடக்கிறவர் மேல். தூக்கத்திலேயே, ஒரு முனகல்கூட இல்லாமல் போய்ச் சேர்ந்துவிட்டார் மகராசன். மண்வெட்டியை மட்டும் இவளிடம் விட்டுவிட்டார்.

கூடத்தில் மேனேஜரின் குரல் கேட்டது. கம்பெனியிலிருந்து ஆளுயர மலர்வளையம் ஒன்றும், வாசலில் கட்ட ஒரு பேனரும் வந்திருந்தன. அப்பா டம்ளரை உயர்த்திப் பிடித்திருக்கிற பழைய படம். மேலே 'இயற்கையின் காவலர்' என்று கொட்டை எழுத்து.

"இந்த ஏரித் தண்ணிய நம்ம எல்லாருக்கும் முன்னாடி குடிச்சவர் இவரு. குடிச்சுட்டு அறுபத்தெட்டு வயசு வரைக்கும் நோய் நொடி இல்லாம இருந்தாரு" என்றார் மேனேஜர். "இதுக்கு மேல ஒரு சாட்சி வேணுமா, சொல்லுங்க?"

வேண்டாம் என்பதுபோல் நாலைந்து தலைகள் ஆடின. அவற்றில் ஒன்று மீன்காரம்மாவுடையது.

மகள் சட்டியைச் சமையல் மேடையில் வைத்துவிட்டுக் கூடத்துக்குப் போனாள். அம்மா அவள் முழங்கையைப் பிடித்தாள். உதறிவிட்டாள். "அத்தை, ஒரு நிமிஷம் பின்னால வாங்க" என்று மீன்காரம்மாவின் கையைப் பற்றிக் கூட்டிப்போனாள்.

கொல்லையில் சுவரோரம் நீளமாகக் கொத்திய மண். செடி என்று ஒன்றும் இல்லை. மகள் மண்வெட்டியை எடுத்து வெட்டினாள். இரண்டாவது வெட்டிலேயே நாற்றம் குப்பென்று கிளம்பியது. போன ஞாயிற்றுக்கிழமை மீன், பாதி அழுகிக் கிடந்தது. ஓரடி தள்ளி வெட்டினாள். முள்ளும் செதிலும். இன்னும் தள்ளி வெட்டினாள். வெளுத்துப்போன முதுகெலும்பு ஒன்று இரண்டாக உடைந்து மேலே வந்தது.

"என்ன பாப்பா இது?"

"நீங்க குடுத்த மீன், அத்தை. எல்லாமே. நாங்க ஒண்ணுகூடச் சாப்பிட்டதில்ல." மகளுக்கு மூச்சு வாங்கியது. "அன்னிக்கு அவர் குடிச்சது ஏரித் தண்ணி இல்ல. எங்க வீட்டுக் குழாய்த் தண்ணி. நாந்தான் புடிச்சுக் குடுத்தேன். மீன்ல வெஷம் இருக்கு. வயித்துல இருக்கற புள்ளையத்தான் மொதல்ல புடிக்கும். அவருக்குத் தெரியும். எங்களுக்கும் தெரியும்."

மீன்காரம்மா குனிந்து அந்த முதுகெலும்பை எடுத்தாள். எந்த மீன், எத்தனை எடை என்று அவள் கைக்குத் தெரிந்திருக்கும். கட்டைவிரலால் அதன் மண்ணைத் துடைத்தாள்.

"எத்தனை வயசுல இருந்து தோண்டற?"

"பன்னண்டு."

"என் மகனும் நீயும் ஒரே கிளாசு" என்றாள் மீன்காரம்மா. "வெளையாட வருவல்ல எங்க வீட்டுக்கு? சாப்பிடச் சொன்னா, வயிறு சரியில்ல அத்தைன்னு ஓடிடுவ."

மகள் தலையைக் குனிந்துகொண்டாள்.  மீன்காரம்மா மன்னிப்புக்காகக் காத்திருக்கவில்லை. இடுப்பிலிருந்து போனை எடுத்துப் பொத்தானை அழுத்தினாள்.

"அடுப்ப அணை" என்றாள். "ஏன் எதுக்குன்னு கேக்காத. சட்டியோட கொண்டு போய்க் கொட்டு. கொட்டிட்டு வந்து சொல்லு, நான் லைன்லயே இருக்கேன்."

காதில் போனை வைத்தபடியே நின்றாள். மறுமுனையில் பதில் வந்ததும் போனை இடுப்பில் செருகிக்கொண்டு சமையலறைக்குள் போனாள். மீன் சட்டியைத் தூக்கிக்கொண்டு கூடத்துக்கு நடந்தாள். ஆட்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். கம்பெனி மலர்வளையத்தைக் காலால் நகர்த்திவிட்டு, அந்த இடத்தில், பெட்டியின் தலைமாட்டில், சட்டியை வைத்தாள். மேனேஜரை ஒரு பார்வை பார்த்தாள். செருப்பைப் போட்டுக்கொண்டு விறுவிறுவென்று தெருவில் இறங்கிப் போய்விட்டாள்.

வண்டி வந்து ஹாரன் அடித்தது.

"யாருப்பா இங்க மீனக் கொண்டு வந்து வெச்சது?" என்றார் பெட்டியைத் தூக்க வந்தவர்களில் ஒருவர். "எடுங்கம்மா, வழியில இருக்கு."

அம்மா மகளைப் பார்த்தாள். கை முழுக்க மண்ணோடு மகள் சுவரோரம் நின்றாள், அசையவில்லை. அந்த ஆள் இன்னொரு தடவை கேட்டார். மேனேஜர் ஷூவை ஓரடி பின்னால் வைத்துக்கொண்டார்.

கடைசியில் நாலு பேரும் காலை அகட்டி வைத்து, சட்டியைத் தாண்டி, பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார்கள்.