நஷ்ட ஈட்டில் சேராதது

"கேசுல நாம ஜெயிச்சா மொதலாளி கெட்டவரா ஆயிருவாராம்மா?"

ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டுக்குப் புறப்பட்ட காலையில், தலை பின்னிவிட்ட தாயிடம் ஆறு வயதுப் பொன்னுத்தங்கம் இப்படிக் கேட்டாள். மாரித்தாய் சடையை இன்னும் இறுக்கிப் பின்னினாள்.

அவள் கணவன் பெத்தணன், சிவகாசிப் பக்கம் நல்லசிவத்தின் பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்து கலக்கிக்கொண்டிருந்தவன். முந்தின வருஷம் தீபாவளி சீசனில் ஒருநாள், வெடிகள் வெயிலில் காய்ந்துகொண்டிருந்தபோது வானம் இருட்டியது. நனைந்தால் ஆர்டர் போய்விடும் என்று பயந்த நல்லசிவம், எல்லாவற்றையும் மருந்து கலக்கும் அறைக்குள்ளேயே அடுக்கச் சொன்னார். மழை பெய்யவில்லை. அறை வெடித்தது. எரிகிற அறைக்குள் புகுந்து பெத்தணனை இழுத்து வந்தவரும் நல்லசிவம்தான். ஆஸ்பத்திரியில் பெத்தணன் கடைசியாகப் பேசியது, "மொதலாளி கைக்கு மருந்து போட்டாகளா?" என்பதுதான்.

இதையெல்லாம் மாரித்தாய் தன் வக்கீலிடம்கூடச் சொல்லவில்லை. அண்ணன் கோட்டைச்சாமி கண்டித்துச் சொல்லியிருந்தான்.

"கோர்ட்டுல அவரு காப்பாத்தப் போனத எடுத்து விட்டுறாத. ஜட்ஜு எரக்கப்பட்டு நஷ்ட ஈட்டுத் துட்டக் கொறச்சுப்புடுவாரு. புள்ளைய வச்சுக்கிட்டு நீ தெருவுல நிக்கணும்."

கோர்ட்டில் நல்லசிவத்தின் வக்கீல் வாதாடினார். ஒவ்வொரு விபத்துக்கும் பெருந்தொகை கொடுக்கச் சொன்னால் இந்தக் கரிசல் காட்டில் ஒரு கம்பெனியும் நிற்காது, அப்புறம் இந்த ஏழைகளுக்கு யார் வேலை கொடுப்பது என்றார். அதுவும் நியாயமாகத்தான் பட்டது மாரித்தாய்க்கு.

"வேறு ஏதாவது சொல்ல வேண்டுமா அம்மா?" என்று ஜட்ஜ் கேட்டார்.

எதிரே நல்லசிவம் கைகளைத் துண்டுக்குள் மறைத்து நின்றிருந்தார். மாரித்தாய் அண்ணனைப் பார்த்தாள்.

"ஒண்ணும் இல்லைய்யா."

தீர்ப்பு அவள் பக்கம் வந்தது. வெளியே வந்ததும் தன் வக்கீல் ராஜசிங்கிடம் அவள் மெதுவாக எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள்.

"சொல்லியிருந்தாலும் ஒரு ரூபா கொறஞ்சிருக்காதும்மா," என்றார் அவர். "இது அவரு கெட்டவருன்னு போட்ட அபராதம் இல்ல. பெத்தணன் இருந்தா வீட்டுக்கு என்ன கொண்டாந்திருப்பானோ, அதுக்கு ஈடு. அங்கன அடுக்கச் சொன்னது அவரு தப்பு. நல்ல மனுசரா இருந்தாலும் அதுக்கு அவருதான் பொறுப்பு."

"அப்ப அவுக செஞ்ச நல்லதுக்குய்யா?"

"அதுக்குக் கோர்ட்டுல எடமில்லம்மா."

"ஜெயிச்ச அன்னைக்கு இவ மூஞ்சியப் பாருங்க, எளவு விழுந்த மாதிரி," என்றான் கோட்டைச்சாமி.

பஸ் நிற்குமிடத்தில் நல்லசிவம் இருந்தார். மாரித்தாய் கும்பிட்டாள். அவரும் கும்பிடப் பார்த்தார். வெந்து மடங்கிய விரல்கள் ஒன்றோடொன்று சேரவில்லை.

"புள்ளையப் படிக்க வையி தாயி," என்று சொல்லி பஸ் ஏறிப் போனார்.

கம்பெனியில் இப்போது சரக்கு வைக்கத் தூரத்தில் தனிக் கொட்டகை கட்டியிருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டாள். இனி இன்னொருத்தி தாலி அறாது. கோர்ட்டு நல்லதுதான் செய்திருக்கிறது. ஆனாலும் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. நல்லசிவத்திடம் போய் நன்றி சொல்லலாமென்றால், ஜெயித்தவள் வந்து சொன்னால் அது குத்திக்காட்டுவது போலாகாதா?

பருத்தி எடுத்த கூலியை முந்தானையில் முடிந்துகொண்டு, கூட்டமில்லாத ஒரு நாளில் இருக்கன்குடிக்குப் போனாள். கோர்ட்டுப் பணத்தை அவள் தொடவில்லை. அது பெத்தணன் விட்டுப்போன சோறு. கோயில் வாசலில், நோய்ப்பட்ட உறுப்பு குணமாக மாரியம்மனுக்குக் காணிக்கை செலுத்தும் கண், கை, கால் உருவத் தகடுகளைப் பரப்பிக்கொண்டு ஒருத்தி உட்கார்ந்திருந்தாள்.

"கண்ணா, காலா தாயி?"

"கை. சோடியாக் குடுங்க."

விற்றவள் அவளுடைய கைகளை ஏற இறங்கப் பார்த்தாள். நன்றாகத்தான் இருந்தன. இரண்டு தகடுகளை எடுத்துக் கொடுத்தாள். மாரித்தாய் பேரம் பேசவில்லை.

உள்ளே பூசாரிகூட இல்லை. "ஆத்தா, அந்த வெரலு நிமிரட்டும்," என்று முணுமுணுத்து, தகடுகளை ஒவ்வொன்றாக உண்டியலில் போட்டாள். கன்னத்தில் போட்டுக்கொண்டு, ஆற்று மணலில் இறங்கிச் சாத்தூரைப் பார்க்க நடந்தாள்.