ஓரம் வெட்டிய கடிதங்கள்

பேகம்பூரில் நூர் அகமதுவிடம் பைண்டிங்குக்குப் புத்தகம் கொடுப்பதும் சந்தையில் மாடு பிடிப்பதும் ஒன்றுதான். அவர் ஒரு விலை சொல்வார். நீங்கள் அதில் பாதியைச் சொல்ல வேண்டும். அவர் நெஞ்சில் கைவைத்துக்கொள்வார். நீங்கள் கிளம்புகிற மாதிரி செருப்பைத் தேட வேண்டும். கடைசியில் இரண்டு பேரும் நஷ்டப்பட்டவர்கள்போல் முகத்தை வைத்துக்கொண்டு, உள்ளுக்குள் சந்தோஷமாகப் பிரிவீர்கள். இந்த ஆட்டத்தில் முப்பது வருஷமாக அவரைத் திணறடித்த ஒரே ஆள் செபஸ்தியம்மாள் டீச்சர். பள்ளிக்கூட நூலகப் புத்தகங்களை மூட்டை கட்டிக் கொண்டுவந்த காலத்திலிருந்து, அட்டையைத் தட்டிப் பார்த்து, "என்ன பாய், அப்பளத்துக்குத் துணி சுத்துன மாதிரி இருக்கு" என்றுதான் பேரத்தைத் தொடங்குவார்.

அந்த டீச்சர் போன வாரம் ஒரு பிஸ்கட் டின்னை மேஜைமேல் வைத்துவிட்டு, சொன்ன விலைக்குத் தலையாட்டினார். காதில் விழவில்லையோ என்று நூர் அகமது விலையை இன்னொரு தரம் சொல்லிப் பார்த்தார்.

டின்னுக்குள் நூற்று நாற்பது இன்லேண்டு கடிதங்கள். டீச்சரின் கணவர் சவரிமுத்து, குஜராத்தில் காண்ட்லா துறைமுகத்தில் ஏழு வருஷம் கிரேன் ஓட்டியபோது எழுதியவை. அவர் இறந்து இரண்டு வருஷமாகிறது.

"ஞாயித்துக்கெழம மகன் குடும்பத்தோட வாரான். பேரனுக்குத் தாத்தா கையெழுத்தப் பாக்கணுமாம். ஒரே புஸ்தகமாத் தச்சுக் குடுங்க. வேற காப்பி கெடயாது பாய், பாத்துக்கங்க."

பார்த்துக்கொள்ளச் சொன்னதைத்தான் நூர் அகமது பார்க்காமல் விட்டார். ஆயிரம் ஆய்வேடு, கோர்ட்டுக் கட்டு, பத்திர நகல் எல்லாம் தைத்த கை. அடுத்தவர் சங்கதியை வாசிக்காத கண். அதிலும் இது புருஷன் பெண்டாட்டிக்கு எழுதியது. ஆகவே டீச்சர் அடுக்கிக் கொடுத்த வரிசை கலையாமல், ஒவ்வொரு கடிதத்தையும் விரித்து, எழுத்துப்பக்கம் கீழே இருக்கும்படி கவிழ்த்தே அடுக்கினார். கவிழ்த்தபடியே ஒரு பக்கத்தைத் தைத்தார். எதிர்ப்பக்கம், பசை ஒட்டிக் கிழித்த இடமெல்லாம் நாய் கடித்த இட்லிபோல் பிசிறிக் கிடந்தது. தன் கடையிலிருந்து பிசிறோடு ஒரு புத்தகம் வெளியே போவதா? சனிக்கிழமை காலையில் கட்டைக் கட்டிங் மெஷினில் வைத்து, ஒரு விரல் அகலம் அளந்து, சக்கரத்தைச் சுற்றினார். கத்தி ஒரே இறக்காக இறங்கியது.

விழுந்த துண்டுகளைச் சாக்கில் போட அள்ளியவர் அப்படியே நின்றார். மேல் துண்டின் அடிப்புறத்தில் பென்சில் எழுத்து. நெட்டுக்குத்தாக, பொடிப்பொடியாக: 'உன் லெட்டரில் மஞ்சள் கறை இருக்கிறது. அந்த இடம் மேலே தெரியும்படி மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்திருக்கிறேன்.'

அடுத்த துண்டிலும் பென்சில். அதற்கடுத்ததிலும்.

"நர்கீஸு! ஃபேன நிறுத்து!"

எதிரே தாள் மடித்துக்கொண்டிருந்த மனைவி, ஷாக் அடித்துவிட்டது என்று பயந்து ஓடிப்போய் மெயினையே இறக்கினாள்.

"என்னங்க ஆச்சு?"

"வெட்டிட்டேன்."

"கையவா?"

"கைய வெட்டியிருந்தாத் தேவலயே. லெட்டரு ஓரத்துல எழுதியிருக்காரு. எல்லாத்தையும் வெட்டிட்டேன்."

"பாத்து வெட்டக் கூடாதா?"

"பாக்கக் கூடாதுன்னுதான கவுத்து வச்சேன்."

"பெரிய மானஸ்தன்! திருவல்லிக்கேணில வேல பாத்தப்ப நீங்க எனக்கு எழுதுனது எங்க? நடுவுலயா?"

நூர் அகமது ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். கல்யாணமான புதிதில் இரண்டு வருஷம் பட்டணத்து பைண்டிங் கடையில் வேலை. மாடி அறையில் பன்னிரண்டு பேர். குப்புறப் படுத்துத்தான் கடிதம் எழுத வேண்டும். கடிதத்தின் நடுப்பக்கம் ஊருக்குச் சொந்தம். அத்தாவுக்கு சலாம், அம்மாவுக்கு மூட்டுவலித் தைலம், மச்சானுக்கு விசாரிப்பு, பக்கத்து வீட்டு ஆட்டுக்குட்டி வரைக்கும் அதில் இடம் உண்டு. எல்லாம் எழுதி முடித்தபின் கடிதத்தைத் திருப்பிப் பிடித்தால், ஓரத்தில் ஒரு விரல் அகலம் மிஞ்சும். அந்த ஒரு விரல்தான் நர்கீஸுக்கு. போன் வந்த பிறகு அந்த ஓரமே அவருக்கு மறந்துபோயிருந்தது.

"அதெல்லாம் இன்னும் இருக்கா?"

"பீரோவுல, பட்டுச் சேலைக்கு அடியில. ஒங்க மெஷின் பக்கம் மட்டும் கொண்டாற மாட்டேன்."

ஒரு நல்ல காரியம், காற்று நின்றதால் துண்டுகள் விழுந்த வரிசை கலையவில்லை. முதல் கடிதத்துக்கு முதல் துண்டு. ஒவ்வொன்றாக மெல்லிய தாள் கொடுத்துப் பின்பக்கம் ஒட்டிவிடலாம்; தழும்பு தெரியும், சொல் மிஞ்சும். முதல் துண்டுக்குப் பசை தொடும்போது வாசலில் குரல் கேட்டது.

"என்ன பாய், கரண்டு பில்லு கட்டலயா? இந்த வேக்காட்டுல ஃபேன அமத்திட்டு உக்காந்திருக்கீக?"

சாயங்காலம் வரவேண்டிய டீச்சர். முப்பது வருஷத்தில் தாமதத்துக்கு நூறு பொய் சொன்னவருக்கு அன்றைக்கு ஒன்றுகூட வாயில் வரவில்லை. நடந்ததைச் சொல்லிவிட்டார். 

டீச்சர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒரு துண்டை எடுத்து வாசித்தார். இன்னொன்றை வாசித்தார். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை.

"எங்க மாமியாருக்கு லெட்டரச் சத்தமா வாசிச்சுக் காட்டணும்" என்றார் கடைசியில். "நாலு நாத்தனாருக சுத்தி நிப்பாளுக. ஓரத்த இப்பிடிப் பெருவெரலால மறச்சுக்கிட்டு வாசிப்பேன்."

வெட்டிய கடிதம் ஒன்றில், துண்டைச் சேர்த்து வைத்துப் பிடித்துக் காட்டினார். துண்டின் அகலம் சரியாக விரலுக்குக் கீழே மறைந்துபோனது.

"எம் பெருவெரல் இருந்த எடத்துலயே வெட்டிருக்கீகளே பாய்."

அது திட்டா பாராட்டா என்று தெரியாமல் நூர் அகமது நர்கீஸைப் பார்த்தார். நர்கீஸ் கூரையைப் பார்த்தாள்.

"டின்னக் குடுத்துட்டுப் போனதுலருந்து தூக்கமில்ல. பேரன் நாளைக்கு இதையும் சத்தமா வாசிப்பானேன்னு. அழிக்க மனசு வரல. புஸ்தகமே வேணாம்னு திருப்பி வாங்கத்தான் வெயில்ல ஓடியாந்தேன்." துண்டுகளை வரிசை கலையாமல் ஒரு கையால் அணைத்துக்கொண்டார். "ஒட்ட வேணாம். நடுப்பக்கம் பிள்ளைகளுக்கு. இத மட்டும் தனியாத் தைக்க முடியுமா?"

"ஏட்டுச்சுவடி கணக்கா நீளமா வரும் டீச்சர்."

"கைப்பைக்குள்ள போகுமா?"

"பிள்ளைகள அடிக்க ஸ்கேலு கொண்டு போவீகள்ல? அது போன பையில இதுவும் போகும்."

டீச்சருக்குச் சிரிப்பு வந்து, அதோடு வேறெதுவோ சேர்ந்து வந்து, கண்ணாடியைக் கழற்றவேண்டியதாயிற்று.

"இதுக்குக் கூலி வேணாம். தப்பு என்னோடது" என்றார் நூர் அகமது.

டீச்சரின் முகம் சுருங்கியது. "எம் புருஷன் எழுத்த எனக்கு ஓசியிலயா தருவீக? வெலயச் சொல்லுங்க பாய்."

நூர் அகமது நெஞ்சில் கைவைத்து யோசித்து, ஒரு வெள்ளாடு வாங்குகிற விலையைச் சொன்னார்.

"அடி ஆத்தீ!" என்று எழுந்த டீச்சர், காலிலேயே கிடந்த செருப்பை மேஜைக்கு அடியில் தேட ஆரம்பித்தார்.