மேலங்கித் துண்டு

கங்யோங் சந்தைத் துணிக்கடைக்காரன் தொல்சே, பெண்டாட்டியை விரட்டிவிடுவதென்று முடிவுகட்டிவிட்டான். கத்தரியும் கையில் இருந்தது. துணியை வெட்டத்தான் மனசு வரவில்லை.

அந்தக் காலத்தில் அந்த நாட்டுச் சாமானியர் வீட்டு வழக்கு அது. புருஷன் தான் உடுத்தியிருக்கும் மேலங்கியின் முன்மடிப்பில் ஒரு துண்டு வெட்டிக் கொடுத்தால் கல்யாணக் கட்டு அறுந்தது. துண்டு கையிலிருப்பவளை எவனும் தொட முடியாது. துண்டில்லாமல் ஓடினவளைக் கயிறு கட்டி இழுத்து வருவார்கள். போன வருஷம் கொல்லன் பெண்டாட்டியை அப்படி இழுத்து வந்ததைத் தொல்சேயின் பெண்டாட்டி சம்வோல் பார்த்திருக்கிறாள். அதற்கப்புறம் அந்தப் பெண் நிமிர்ந்து நடக்கவேயில்லை.

சம்வோல் தரையில் குனிந்து அழுதுகொண்டிருந்தாள். அழுகை பொய், பயம் பொய்யில்லை. அவன் வெட்டாமல் விட்டுவிட்டால், இன்று ராத்திரியும் இதே வீடு, இதே கை, அடுப்படியில் இதே விறகுக்கட்டை.

“வெட்டித் தொலையேன்டா” என்றாள் மாமியார் வாசற்படியிலிருந்து. “மலட்டுக் கழுதைக்கு எத்தன நாளு சோறு போடுவ?”

“இரும்மா. புதுத் துணி. பழச மாட்டிட்டு வரேன்.”

“உடுத்திருக்கறதத்தான் வெட்டணும். உங்கப்பன் இருந்தா இந்தக் கஞ்சத்தனத்துக்கே உன்ன வெட்டியிருப்பாரு.”

அவன் மடிப்பைத் தடவிப் பார்த்தான். கோபம் ஆறிக்கொண்டு வந்தது. அதைக் கண்ட சம்வோலுக்கு வாய் முந்திக்கொண்டது.

“ஓரமா வெட்டுங்க. ஒட்டுப் போட்டா தெரியாது.”

சொன்ன பிறகுதான் தான் செய்த காரியம் புரிந்தது. வாங்க வந்தவள் ஆசையைக் காட்டிவிட்டாள். தொல்சே வியாபாரி. கத்தரியைக் கீழே வைத்தான்.

“ஓஹோ. போக அவ்வளவு அவசரமோ?” சிரித்தான். அவன் சிரித்தால்தான் அவளுக்கு அதிக பயம். “அம்மா, கதவச் சாத்து. இவ இங்கயே கெடக்கட்டும். எங்க போகத் துடிக்கறாள்னு கேட்டுத் தெரிஞ்சுக்கறேன்.”

விறகுக்கட்டையை எடுக்க அடுப்படிப் பக்கம் குனிந்தான். மடிப்பு அவள் முகத்துக்கு நேரே தொங்கியது.

கத்தரி எப்போது கைக்கு வந்ததென்று அவளுக்கே தெரியாது. சரக்கென்று ஒரு சத்தம். துண்டு அவள் பிடியில் இருந்தது.

“நீ வெட்டினா செல்லாதுடி.” அவன் முகம் கறுத்துவிட்டது.

“செல்லாதுதான். சந்தையில போய்ச் சொல்லுங்க, பெண்டாட்டி வெட்டிட்டாள்னு” என்றாள் சம்வோல்.

அவன் கட்டையை ஓங்கினான். மாமியார் ஓடிவந்து அவன் கையைப் பிடித்தாள், மருமகள்மேல் இரக்கப்பட்டல்ல.

“வேணாண்டா. நீயே வெட்டினதா இருக்கட்டும். ஊரு சிரிச்சா கடையில ஈதான் ஒட்டும்.”

சம்வோல் வெளியே வந்தாள். ஓடக் கூடாது, புருஷனே அனுப்பிவிட்டவள் ஓடமாட்டாள். பின்னால் செருப்புச் சத்தம் கேட்கிறதா என்று முதுகே காதாக நடந்தாள்.

கிணற்றடியில் எண்ணெய்க்காரி வழிமறித்துத் துண்டை வாங்கிப் பார்த்தாள்.

“துணிக்காரன் வெட்டினதா இது? இவ்வளவு கோணலாவா?”

சம்வோல் துண்டுக்குக் கை நீட்டினாள்.

“கோபத்துல வெட்டினாரு அக்கா” என்றாள்.

எண்ணெய்க்காரி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். துண்டை மடித்து அவள் கையிலேயே வைத்து அழுத்தினாள்.

“ஆமாமா. நானும் வேலியோரமா நின்னு பாத்தேனே, அவன்தான் வெட்டினான். நீ நடடி.”