பெயர் சொல்லாத உதாரணம்

குரோம்பேட்டையில் எங்கள் காலனி வாட்ஸ்அப் குழுவில் தினமும் காலைக் காபிக்கு முன்னால் ஓர் ஆங்கிலச் சொல் வந்து விழும். அனுப்புகிறவர் பட்டாபிராமன் சார். தாம்பரத்துப் பள்ளி ஒன்றில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். பள்ளிக்கூடம்தான் அவரை விட்டதே தவிர, அவர் யாரையும் விடவில்லை.

சொல், பொருள், உதாரணம் என்று வரும். முதல் இரண்டையும் யாரும் படிப்பதில்லை. புத்தக உதாரணம் மனசில் நிற்காது என்பது சாரின் கட்சி. அதனால் உதாரணத்தைக் காலனியிலிருந்தே எடுப்பார், பெயர் மட்டும் போடமாட்டார். நிறுத்த இடம் பார்க்காமல் கார் வாங்கியவர்கூட ஒருநாள் வந்தார். மாலையில் பிள்ளையார் கோயில் வாசலில் ‘இன்னிக்கு யாரு?’ என்று கண்டுபிடிக்கும் விளையாட்டு நடக்கும். தான் மாட்டாதவரை எல்லோருக்கும் அது நல்ல விளையாட்டுதான்.

அன்றைய சொல், இம்ப்ரூடன்ட். பின்னால் வரப்போவதை யோசிக்காமல் நடந்துகொள்வது என்று பொருள் போட்டிருந்தார். முட்டாளை இப்படிச் சொல்லக்கூடாது, யோசிக்கத் தெரிந்தவன் யோசிக்காமல் செய்தால்தான் பொருந்தும் என்று ஒரு குறிப்பு வேறு. உதாரணம் இது: இன்ஜினியரிங்கை மூன்றாம் வருஷத்தில் விட்டுவிட்டு, அப்பாவுக்குத் தெரியாமல் ஏ.சி. மெக்கானிக்கிடம் வேலைக்குப் போகும் பையன் செய்வது இம்ப்ரூடன்ட்.

அடுப்படியில் அதைப் படித்த சாரின் மனைவி அபிதகுஜாம்பாள் மாமி அடுப்பை அணைத்துவிட்டுக் கூடத்துக்கு வந்தாள். அந்தப் பையன் பி பிளாக் பரிதாவின் மகன் வாஜித். பொத்தேரியில் காலேஜுக்குப் போவதாகச் சொல்லித் தினமும் ரயில் ஏறுகிறவன். உண்மை பரிதாவுக்குத் தெரியும். ஜி.எஸ்.டி. ரோட்டில் செருப்புக் கடை வைத்திருக்கும் அவள் கணவர் ஹாஜா மைதீனுக்குத் தெரியாது.

காலனிக்குக் குடிவந்த நாளிலிருந்து மாமிக்குத் தோழி என்று இருந்தது பரிதா ஒருத்திதான். இருவரும் சாயங்காலம் நடக்கப் போகும்போது பரிதா அழுதுகொண்டே சொன்ன விஷயம் இது. “பெருநாள் முடியட்டும் மாமி, நானே அவர்கிட்ட பக்குவமா சொல்லிடறேன். அதுவரைக்கும் யாருக்கும் தெரிய வேணாம்.” மாமி சத்தியமே செய்தாள். வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னதை அவள் கணக்கில் சேர்க்கவில்லை. புருஷனிடம் சொல்வது வெளியில் சொல்வதாகாது என்று நம் பெண்களுக்கு யார் சொல்லிவைத்தார்களோ தெரியவில்லை.

“ஏன்னா, அதை உடனே எடுங்கோ,” என்றாள் மாமி.

“பேரே போடலையே.”

“மைதீன் பாய் படிச்சார்னா?”

“எடுத்தா எடுத்தேன்னு காட்டும். அப்புறம்தான் சந்தேகம் வரும்.”

மைதீன் பாய்க்குச் சந்தேகம் வரவே இல்லை. வழக்கம்போலப் படிக்காமலே கட்டைவிரல் படம் ஒன்றைப் போட்டுவிட்டுக் கடைக்குப் போய்விட்டார்.

வினை ஏ பிளாக்கிலிருந்து வந்தது. அங்கே அனந்தகிருஷ்ணனின் மகன் உமேஷும் மூன்றாம் வருஷ இன்ஜினியரிங். கோயில் வாசலில் எல்லோரும் அவனைத்தான் சொன்னார்கள். மறுநாள் அனந்தகிருஷ்ணன் ஆபீசுக்கு லீவு போட்டு, காட்டாங்குளத்தூருக்கே போய், வகுப்பில் இருந்த மகனை வெளியே அழைத்து விசாரித்தார். மகன் ஒழுங்காகப் படிக்கிறான் என்று தெரிந்ததும் அவருக்கு வந்தது சந்தோஷம் அல்ல, கோபம். ‘சார், எங்க உமேஷையா சொன்னீங்க? எல்லாரும் கேக்கறாங்க. தெளிவுபடுத்தவும்’ என்று குழுவில் எழுதினார்.

பட்டாபிராமன் நியாயஸ்தர். தப்பு செய்யாத பையன் பழி சுமப்பதைப் பார்த்துக்கொண்டு இருக்கமாட்டார். மாமி ஓடிவந்து கையைப் பிடிப்பதற்குள் பதில் போய்விட்டது: ‘உமேஷ் இல்லை. ஏ பிளாக்கே இல்லை.’ காலனியில் இருப்பதே இரண்டு பிளாக். பி பிளாக்கில் இன்ஜினியரிங் படிக்கிற பையன் ஒருவன்தான். அக்கறையுள்ளவர்கள் உடனே பாய்க்குப் போன் போட்டு விசாரித்தார்கள்.

பாய் கடையைப் பாதியில் விட்டு வந்ததை மாமி ஜன்னல் வழியாகப் பார்த்தாள். சண்டைச் சத்தம் கேட்கும் என்று அங்கேயே நின்றாள். ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த நாள் காலை பாயின் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து வாஜித் போனான், மடியில் ஸ்பேனர் பை. கடை ஏ.சி.யைச் சரிபார்க்கப் போகிறானாம். மாமிக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

“பாத்தியா, நல்லதாத்தான் முடிஞ்சுது,” என்றார் சார். அவர் முகத்தில் பரிசு வாங்கிய களை.

சாயங்காலம் மாமி பரிதாவின் வாசலில் போய் நின்றாள்.

“பாய் கோச்சுக்கலையே?”

“இல்ல மாமி. முன்னாடியே சொல்லியிருந்தா நல்ல இடமா பாத்து நானே சேத்துவிட்டிருப்பேனேன்னாரு.”

“அப்பாடா. நேக்குத் தூக்கமே இல்லை. வா, நடந்துட்டு வரலாம்.”

பரிதா கதவைப் பிடித்தபடியே நின்றாள். அவள் குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் மாமி எப்படியாவது சமாளித்திருப்பாள்.

“மெஹ்னாஸ் மாமியார் வூட்ல ஒரு பிரச்சனை மாமி. என் பொண்ணு தெனம் போன்ல அழுவுறா. என்னன்னு உங்ககிட்டதான் சொல்லணும்னு இருந்தேன். இனிமே யார்கிட்ட சொல்றதுன்னு தெரியல. நீங்க போயிட்டு வாங்க.”