டயர் கடை மாடியில் ஒரு நடிப்பு

எங்கள் குடிநோய் மறுவாழ்வு மையத்தில் இப்போது பயிற்சிக்கென்றே ஏசி அறை இருக்கிறது. சுவர் முழுக்க வழவழப்பான படங்கள். நல்லதுதான், எனக்கொன்றும் வயிற்றெரிச்சல் இல்லை. ஆனாலும் மனசு அந்தப் பழைய டயர் கடை மாடியைத்தான் தேடுகிறது. கீழேயிருந்து ரப்பர் வாசம் வரும், காற்றடிக்கிற சத்தம் கேட்கும், எந்த நாற்காலியில் உட்கார்ந்தாலும் ஒரு கால் ஆடும். ஆலோசகர் என்று பட்டம் வாங்கிய நாங்கள், பேசுவது எப்படி என்று முதலிலிருந்து கற்றுக்கொண்டது அங்கேதான். இன்றைக்கும் ரப்பர் வாசம் வந்தால் கொஞ்சம் நின்றுவிட்டுத்தான் போவேன்.

பயிற்சி தந்த மேடத்துக்கு ‘ஏன்’ என்ற சொல் ஆகவே ஆகாது. “ஏன் குடிச்சேன்னு கேட்டா காரணம் வரும், ஆள் வரமாட்டான்,” என்பார். அறிவுரையும் கூடாது. எதிரே இருப்பவர் சொன்னதை நம் வாயால் திரும்பச் சொல்ல வேண்டும். பிறகு வாயை மூடிக்கொள்ள வேண்டும். நான் இந்த வித்தையை வீட்டுக்கும் கொண்டு போனேன். “திட்டறதுன்னா திட்டிடும்மா, இப்படித் திருப்பித் திருப்பிச் சொல்லாதே,” என்று என் மகன் கையெடுத்துக் கும்பிட்டான்.

ஒருவர் குடிப்பவராக நடிக்க, இன்னொருவர் ஆலோசகராகப் பேசிப் பழகுவோம். நாங்கள் நடித்தால் தள்ளாடுவோம். அதைப் பார்த்து மாப்பிள்ளை சிரிப்பான். தினமும் இஸ்திரி கலையாத சட்டையில் வருவதால் அவனுக்கு அந்தப் பெயர். “குடிகாரன் தள்ளாட மாட்டான்க்கா. நேரா நடக்கத்தான் படாத பாடு படுவான்,” என்பான். அவனுக்குத் தெரியும். எங்களிடமே சிகிச்சைக்கு வந்து, குடியை விட்டு, எங்களோடு வேலைக்கும் சேர்ந்தவன். திரும்பத் தொட்டால் வேலை போய்விடும் என்பது நிபந்தனை.

அன்று மத்தியானம் அவனுக்குக் கிடைத்த வேஷம், கல்யாணமாகாத லாரி டிரைவர். நான் ஆலோசகர்.

“சொல்லுங்கண்ணே,” என்றேன்.

“என்னத்தைச் சொல்ல? வண்டி ஓடுற வரைக்கும் நல்லாத்தான் இருக்கேன். நிறுத்தினா கை நடுங்குது,” என்று கலகலப்பாக ஆரம்பித்தான். பின்னால் சிரித்தார்கள். கொஞ்ச நேரத்தில் அவன் குரல் தாழ்ந்தது.

“பொண்ணு ஸ்கூல் விட்டு வந்ததும் முதல்ல என் முகத்தைத்தான் பாக்குது. அப்புறம்தான் பையை இறக்கி வைக்குது.”

கல்யாணமாகாத அந்த வேஷத்துக்கு மகள் கிடையாது. மாப்பிள்ளைக்கு உண்டு. எனக்குச் சுருக்கென்றது. ‘ஏன்டா திரும்பக் குடிச்சே’ என்று நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கினேன். நேராகக் கேட்டால் சிரித்து மழுப்பிவிடுவான்.

“முகத்தைப் பாத்துட்டுத்தான் பையை இறக்குது,” என்றேன்.

“ஆமா.”

கீழே யாரோ சுத்தியலால் தட்டிக்கொண்டிருந்தார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. பேசாமல் இருப்பதுதான் எங்கள் தொழிலில் கஷ்டமான பாடம். அன்று அது உயிரை வாங்கியது.

“நேத்து இறக்கலை. பாத்துச்சு. அப்படியே பையோட பக்கத்து வீட்டுக்குப் போயிடுச்சு.”

அறையே கைதட்டியது. ‘என்னமா நடிக்கிறான்’ என்று ஒருவர் கண்ணைக்கூடத் துடைத்துக்கொண்டார். நிஜத்தை நடிப்பென்று எடுத்துக்கொள்வது, எங்களை மாதிரி ஆட்கள் மட்டுமே செய்யக்கூடிய தப்பு. மாப்பிள்ளையும் எழுந்து, சிரித்து, எல்லாரையும் பார்த்துக் குனிந்தான். அவனுக்குத் தப்பிக்க வழி கிடைத்துவிட்டது. இனி வேலைக்கு ஆபத்தில்லை. அவன் மட்டும் சத்தமில்லாமல் குடியில் மூழ்கிப் போவான். எனக்கு அத்தனை பேர்மேலும் கோபம் வந்தது. நான் கைதட்டவில்லை. எழுந்திருக்கவும் இல்லை. அவனுடைய காலி நாற்காலிக்கு எதிரே அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

அவன் என்னைப் பார்த்தான். மெல்லத் திரும்பி வந்து உட்கார்ந்தான்.

“மேடம், அந்த டிரைவருக்குக் கல்யாணமே ஆகலைங்க,” என்றான், பயிற்சி மேடத்தைப் பார்த்து. கைதட்டல் நின்றது.

“அது என் பொண்ணு.”